அப்பா தோள்ல நாலு விரல்

"பிளாக் அண்ட் ஒயிட்டா, கலரா சார்? ஃபேமிலி ஹெட் நீங்க, நீங்களே சொல்லிருங்க. இன்னைக்கே பிரிண்ட்டுக்கு அனுப்பிரலாம்." ஸ்டுடியோக்கார ஜெரோம் கேட்டது அம்புட்டுதான். கேட்டுட்டு, போன் அடிக்கவும், "ஒரு நிமிசம் சார், மண்டபத்துக்காரரு"ன்னு கதவைத் தள்ளிக்கிட்டு வெளிய போயிட்டான். சிகாமணி நாற்காலியில நெளிஞ்சாரு. ஃபேமிலி ஹெட்டாம்ல. ரேஷன் கார்டுலயே குடும்பத் தலைவர்னு பொண்டாட்டி வேலம்மா படம்தான் இருக்கு, அவரு பேரு கீழ உறுப்பினர்னு சும்மா தொத்திக்கிட்டு இருக்கு. வீட்டுல டிவி ரிமோட்டு, தண்ணி மோட்டாரு, நாளைக்கு என்ன குழம்பு, எதுலயும் அவரைக் கேக்குற பழக்கமே கிடையாது. இப்பப் பார்த்து, இந்த ஏசி ரூம்ல, மூணு பேரும் அவரு மூஞ்சியையே பாக்குறாக. எதுக்க கம்ப்யூட்டர்ல ஒரே போட்டோ ரெண்டா நிக்குது. இடது கைப் பக்கம் கலரு, வலது கைப் பக்கம் கருப்பு வெள்ளை. ரெண்டுலயும் அதே ஆளுகதான். அந்தக் கரையில மருமகன் பிரசன்னா, அவன் பக்கத்துல மக கார்குழலி, குழலி தோளோட தோள் ஒட்டி அவ அம்மா வேலம்மா, அப்புறம் கொஞ்சம் வெத்து இடம், அப்புறம் இந்தக் கரையில தனியா நட்டு வச்ச மாதிரி சிகாமணி. அடுத்த வாரம் மகளும் மருமகனும் ஜெர்மனிக்குப் போறாக. போறதுக்கு முன்னாடி எல்லாரும் சேர்ந்து ஒரு போட்டோ வேணும்னு குழலிதான் பிடிவாதம் பிடிச்சா. பெருசா ஒண்ணு ஹாலுக்கு, சின்னதா ஒண்ணு அவ பொட்டிக்கு. சொல்லிருங்க சார்னா என்னத்தைச் சொல்ல. காபியா டீயான்னு கேட்டாலே "எது இருக்கோ"ன்னு சொல்ற மனுசன் அவரு.

இத்தனைக்கும் அவரு தொழிலே இதுதான். விளக்குத்தூண் பக்கத்துல ஒரு ஜவுளிக்கடையில, முதல் மாடி, பட்டுச் செக்‌ஷன்ல, மெத்தை மேல சம்மணம் போட்டு உக்காந்து, அதுவா இதுவான்னு தவிக்கிற பொம்பளைகளைப் பார்த்துப் பார்த்தே தலை நரைச்ச ஆளு. சாயங்காலம் டீ குடிக்கப் போனா கூட்டாளிகளுக்கு அவங்க மாதிரியே பேசிக் காட்டுவாரு. தாடையில விரலை வச்சுக்கிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இந்த பார்டர் என்னைப் பாத்து மொறைக்குது." மூக்கால, "இதே கலர்ல, இந்தக் கலரு இல்லாம இருக்கா?" கூட வந்த வீட்டுக்காரர் மாதிரி கொட்டாவி விட்டுக்கிட்டே, "எதையாச்சும் எடுத்துத் தொலை, வண்டி நோ பார்க்கிங்ல நிக்குது." டீக்கடையே சிரிக்கும். அந்தப் பாவமெல்லாம் சேர்ந்து இப்ப வந்து மடியில உக்காந்துருச்சு. தாடையில ஒரு விரல் இருக்கிறதை அப்பத்தான் பார்த்தாரு, வெடுக்குன்னு எடுத்தாரு. தொழில்ல அவருக்கு ஒரு கணக்கு உண்டு. வந்து உக்காந்ததும் முதல்ல எந்தச் சேலையைத் தொடுறாகளோ, கடைசியில அதைத்தான் எடுப்பாக. நடுவுல விரிச்சுப் போடுற அம்பது சேலையும் சும்மா மனசு ஆறுறதுக்கு. அதனால சிகாமணி வாயைப் பாக்க மாட்டாரு, கையைத்தான் பாப்பாரு. இப்பவும் ஓரக்கண்ணால வேலம்மா கையைத்தான் பாத்தாரு. அந்தக் கை எதையாச்சும் தொட்டுச்சுன்னா தப்பிச்சுக்கலாம். அது நகரல. ரெண்டு கையும் மடியில கிடக்கு, கோயில்ல காப்பு கட்டுனவ மாதிரி. விரல் நுனியெல்லாம் நேத்து வச்ச மருதாணி, பத்து தொப்பி போட்டு, கருஞ்சிவப்பா ஏறிக் கிடக்கு. மக போறாளேன்னு அம்மாளும் மகளும் இலை பறிச்சு அரைச்சு வச்ச மருதாணி. அந்த மருதாணியால வந்த வினை இருக்கே, அதை நினைக்கவும் கை தானாப் போயி இடது காதைத் தடவுச்சு.

காதுல கருப்பு. தலைக்கு டை அடிச்சா வழக்கமா வேலம்மாதான் துணியை நனைச்சுக் காதையும் பொடனியையும் தொடச்சு விடுவா. நேத்து அவரு தலையில மை பூசிக்கிட்டு வந்து நிக்கிறாரு, அவ பத்து விரல்லயும் பச்சையை அப்பிக்கிட்டு உக்காந்திருக்கா. "ஏங்க, கொஞ்சம் பொறுக்க மாட்டீங்களா, நான் எப்படித் தொடுறது?" அவரே கண்ணாடியைப் பார்த்துத் தொடச்சாரு. கண்ணாடியில எது இடது எது வலதுன்னு யாருக்குத் தெரியுது, ஒரே காதை ரெண்டு தடவை தொடச்சுட்டுப் போய்ப் படுத்துட்டாரு. காலையில சோப்பு, தேங்காண்ணெய், எலுமிச்சம்பழம் எதுக்கும் அசையல. கலர் போட்டோவுல பாருங்க, கன்னம் ஒரு கலரு, காது ஒரு கலரு, யாரோ செத்துப்போன ஆளோட காதை ஒட்டி வச்ச மாதிரி. அதே ஆளு கருப்பு வெள்ளையில என்ன கம்பீரம். காது நிழலுக்குள்ள போயிருச்சு, டை அடிச்ச முடி பிறவியிலேயே கருப்பு மாதிரி நிக்குது, ரிட்டையர்டு நீதிபதி ஒருத்தரு தீர்ப்புக்கு முன்னாடி யோசிக்கிற மாதிரி இருக்கு. அதுல ஆசை வந்தது நிசம். பொய் சொல்லக் கூடாது. ஆனா அந்த நீதிபதியை உத்துப் பாக்கப் பாக்க அது சிகாமணி மூஞ்சியா இல்லாம அவங்க அப்பா மூஞ்சியா மாறிக்கிட்டு வருதே, அங்கதான் இடிச்சுச்சு. "அப்பா, பிளாக் அண்ட் ஒயிட்தான்ப்பா கிளாஸிக். கலர்ல கல்யாண மண்டப ஃபிளக்ஸ் மாதிரி இருக்கு"ன்னா குழலி. "சொல்லலாம்த்தா, இரு"ன்னாரு. "மாப்ளை, நீங்க என்ன சொல்றீக?" பிரசன்னா போனைப் பார்த்துக்கிட்டே, "ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு மாமா"ன்னான். கல்யாணம் ஆன நாள்லேருந்து அவன் சொல்ற ஒரே கருத்து அதுதான். சாம்பாரும் நல்லாருக்கு, ரசமும் நல்லாருக்கு. நல்ல பிள்ளை, ரொம்ப நாள் உசிரோட இருப்பான்.

மக கிளாஸிக்குன்னு ஈசியாச் சொல்லிட்டா. அவ அம்மாளுக்கும் கருப்பு வெள்ளைக்கும் உள்ள வழக்கு அவளுக்கு என்ன தெரியும். முப்பத்தஞ்சு வருசமா பெட்ரூம் கதவுக்கு மேல தொங்குது, கல்யாண போட்டோ. ஊரெல்லாம் கலருக்கு மாறி முடிஞ்ச காலத்துல இவங்க கல்யாணம் மட்டும் கருப்பு வெள்ளை. காரணம், சிகாமணியோட தாய்மாமா சுப்பையா. அவருகிட்ட ஒரு கேமரா இருந்துச்சு, அதனால வேற யாரையும் கூப்பிடக் கூடாதுன்னு கட்டளை. கலர் ரோல் போடலாமே மாமான்னு கேட்டதுக்கு, வாய் நிறைய வெத்தலை, சாறு ஒழுகாம தாடையை ஆகாசத்துக்குத் தூக்கிக்கிட்டு, "கழரா? அழ போழா, கூழு கெட்டவனே"ன்னாரு. அப்புறம் போயித் துப்பிட்டு வந்து சுத்தத் தமிழ்ல சொன்னாரு. "கலருங்கிறது பத்து வருசத்துல வெளிறிப் போயி, மாப்பிள்ளைக்கு மஞ்சக்காமாலை வந்த மாதிரி ஆயிரும்டா. கருப்பு வெள்ளைன்னா கல்வெட்டு." அம்புட்டு வியாக்கியானத்தையும் சொல்லிட்டு, கேமராவுல கண்ணை வச்சு, "டேய், ஒட்டாம நில்லுடா, மாலை நசுங்குது, அங்கிட்டுப் போ, இன்னும் அங்கிட்டுப் போ"ன்னு வெரட்டி வெரட்டி எடுத்தாரு. வேலம்மாளுக்குக் கூரைப்புடவை அரக்குச் சிவப்பு. கடையில வேலைக்குச் சேந்த புதுசு, இருக்கிறதுலேயே நல்லதா சிகாமணியே பொறுக்கி எடுத்த சேலை. படத்துல அது கருகருன்னு விழுந்துருச்சு. வர்றவக போறவக எல்லாம், "ஏம்மா, கருப்புச் சேலையிலயா தாலி கட்டுனாக?"ன்னு கேப்பாக. வேலம்மா ஒண்ணும் சொல்ல மாட்டா. அவுக போனதுக்கப்புறம், "அந்தப் போட்டோவைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது"ம்பா. அவ்வளவுதான், அன்னைக்கு ராத்திரி வெறும் ரசம்தான். அசல் சேலை பீரோவுல பத்திரமாத்தான் இருக்கு, அதுக்காக பீரோவைத் தூக்கிச் சுவத்துல மாட்ட முடியுமா. இன்னைக்குப் பரிகாரமா மயில்கழுத்துக் கலரு எடுத்துக் குடுத்து கட்டச் சொல்லியிருக்காரு. கலர்ல பாத்தா நீலமா பச்சையான்னு கண்ணு தடுமாறும். கருப்பு வெள்ளையில பாத்தா எலிக் கலரு. இன்னொரு முப்பத்தஞ்சு வருசம் ரசம் குடிக்க உடம்பு தாங்காது. அப்ப கலருன்னு சொல்லிர வேண்டியதுதானே. வாயைத் திறந்தாரு. மக மூஞ்சியைப் பாத்தாரு. அடுத்த வாரம் இந்நேரம் அவ ஆகாசத்துல இருப்பா. கேட்டது ஒண்ணே ஒண்ணு. வாயை மூடிக்கிட்டாரு.

இதெல்லாம் மேலாப்புல உள்ள தவிப்பு. அடியில கிடக்கிறது வேற. அவரு வீட்டு ஹால்ல, டிவிக்கு மேல, ஒரு வரிசை உண்டு. தாத்தா, பெரியப்பா, அப்பா, அம்மா. எல்லாரும் கருப்பு வெள்ளை, எல்லாருக்கும் சந்தன மாலை, எல்லாருக்கும் சேர்த்து ஒரு சிவப்பு பல்பு. அம்மா செத்தப்ப கலர் படம்தான் இருந்துச்சு, பச்சைச் சேலை, பெரிய பொட்டு. கொண்டு போயிக் குடுத்தா அந்த ஸ்டுடியோக்காரன், "கருப்பு வெள்ளை ஆக்கிரலாம் சார், அதுதான் மரியாதையா இருக்கும்"னான். அன்னைக்கே சிகாமணிக்குப் புரிஞ்சு போச்சு. அவரு வீட்டுல உசிரு போனா கலரு போயிரும். அப்படி இருக்க, உசிரோட இருக்கும்போதே அந்தச் சுவத்துல கருப்பு வெள்ளையாப் போயி ஏறுறது, பஸ்ஸு வரும் முன்னாடியே ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கிற மாதிரிதானே. சரி, அம்மா படமாச்சும் தனிப் படம். அப்பா படம் இருக்கே. அப்பா தனியா ஒரு போட்டோவும் எடுத்துக்கல. போனதுக்கப்புறம் வீடு பூராத் தேடி, ஏதோ ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துல கும்பலா எடுத்த படத்துலேருந்து வெட்டித்தான் பெருசு பண்ணாக. வெட்டுனதுல அப்பா தோள்ல யாரோ வச்ச கையி வந்துருச்சு. முழுக் கையி இல்ல, நாலு விரல். போலீஸ்காரருக்குத் தோள்ல பட்டை மாதிரி நாலு விரல். மூலப் படம் எங்கிட்டோ தொலைஞ்சு போச்சு. அதுலேருந்து வருசாவருசம் திதிக்கு அந்தச் சண்டை. அப்பாவோட தங்கச்சி இசக்கி அத்தை ஆரம்பிக்கும், "அது என் விரலு, எங்கண்ணன் தோள்ல வேற யாரு கை வைப்பா?" சித்தப்பா உடனே செருமிக்கிட்டு, "ஆம்பளை விரல் அது, எலும்பைப் பாத்தாத் தெரியலயா, நான்தான் பக்கத்துல நின்னேன்." "உனக்கு இம்புட்டு நீள விரல் ஏது?" "உனக்கு இம்புட்டு கருப்பு விரல் ஏது?" "படமே கருப்புடா." படையல் சோறு ஆறி ஐஸாப் போகும், காக்கா வந்து காத்துக் கிடந்துட்டுப் பறந்து போகும். குழலி சின்னப் பிள்ளையில பசி தாங்காம அழுதிருக்கா.

வேலம்மாளுக்குக்கூடத் தெரியாம மனசுக்குள்ள வச்சிருக்கிற பயம் இதுதான். சிகாமணிக்கும் ஆதார் கார்டைத் தவிர தனிப் படம் கிடையாது. ஆதார்ல இருக்கிறது அவரா ஆடு திருடுனவனான்னு அவருக்கே சந்தேகம். ஆக, நாளைப் பின்ன ஒண்ணு ஆச்சுன்னா எடுத்து வெட்டப் போறது இன்னைக்கு எடுத்த இந்தப் படத்தைத்தான். பிரசன்னா வெட்டுவான். கத்திரிக்கோலே வேணாம், போன்லயே ரெண்டு இழுப்பு. "ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே இழுப்பான். அதனாலதான் அரை மணி நேரத்துக்கு முன்னால, விளக்கு வெளிச்சத்துல நிக்கச் சொன்னப்ப, கரையாப் பாத்து, யாரு கையும் எட்டாத தூரமா, தள்ளி நின்னாரு. "சார், கொஞ்சம் உள்ள வாங்க"ன்னான் ஜெரோம். தலையை மட்டும் சாச்சாரு. "இன்னும் உள்ள சார்." இடுப்பையும் சாச்சாரு. கால் நகரல. அதான் படத்துல காத்துக்குச் சாஞ்ச கரண்ட் கம்பம் மாதிரி நிக்கிறாரு. நிக்கட்டும். சுத்தமா வெட்டலாம், சுத்தியும் இடம் இருக்கு, ஒரு விரல் வராது, திதிச் சோறு சூடா இறங்கும். எடுத்து முடிச்சப்ப திருப்தியா இருந்துச்சு, எல்லா வேலையும் முடிச்சு வச்ச மாதிரி. இப்ப உக்காந்து பாத்தா அது வேற மாதிரி தெரியுது. மூணு பேரு ஒட்டி நிக்கிறாக. நாலாவது ஆளு வேற போட்டோவுலேருந்து வந்து வழி கேக்குற மாதிரி நிக்கிறாரு. ஜெர்மனியில, பனி பெய்யுற ஏதோ ஒரு ஊருல, குழலி இந்தப் படத்தை மேஜை மேல வப்பா. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வந்து, இது உங்க அம்மா, இது உங்க வீட்டுக்காரர், இவரு யாரு, டிரைவரான்னு கேப்பா. கேப்பாள்ல. ச்சீ, என்ன நினைப்பு. கலரா, கருப்பு வெள்ளையா. காதா, எலியா. மகளா, ரசமா. அவசரமா சாமி கும்பிடலாம்னா எந்தச் சாமிகிட்ட இதைக் கேக்குறது.

கதவு திறந்துச்சு. "ஸாரி சார். முடிவு பண்ணிட்டீங்களா?" ஜெரோம் வந்து மவுஸைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். "அது வந்து தம்பி"ன்னு சிகாமணி இழுத்தாரு. அப்பத்தான் வேலம்மா எந்திரிச்சா. சேலையை நீவி விட்டுக்கிட்டு கம்ப்யூட்டர் பக்கத்துல போனா. கை மேல வந்துச்சு. தொடப் போறா. முதல்ல தொடுறதுதான் கணக்கு. மருதாணி விரல் கலர் படத்துல மயில்கழுத்து மேல போச்சு, நிக்கல. கருப்பு வெள்ளை எலி மேல போச்சு, அங்கயும் நிக்கல. அவளுக்கும் அவருக்கும் நடுவுல இருந்த வெத்து இடத்துல போயி நின்னுச்சு. "தம்பி, இந்த எடத்துல யாரு வந்து நிக்கப் போறா?" "எங்க ஆன்ட்டி?" "இந்தா, எனக்கும் இவருக்கும் நடுவுல. ஒரு ஸ்கூட்டரை நிப்பாட்டலாம் போலயே." குழலி சிரிச்சா. வேலம்மா சிரிக்கல. குனிஞ்சு அவரோட கருப்புக் காதுகிட்ட வந்தா. "உங்க அப்பா படத்தை நினைச்சுத்தானே தள்ளி நின்னீங்க. வெட்டச் சுலுவா இருக்கட்டும்னு." "யாரு சொன்னா? வேக்காடா இருந்துச்சு, அதான்." "ஏசியில." அவரு சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கிட்டாரு. "கல்யாண போட்டோவுலயும் இதே எடம்தான் விட்டிருக்கீங்க. உங்க மாமா மாலை நசுங்குதுன்னாரு, நீங்க பாட்டுக்கு நகந்துட்டீங்க. நான் அங்க தனியா, ஏதோ சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவ மாதிரி நிக்கிறேன்." சிகாமணி நிமிந்து பாத்தாரு. "அடியே, அப்ப சேலை கருப்பா விழுந்துருச்சுன்னு இத்தனை வருசம்..." "சேலையைப் பத்தி ஊர்க்காரிகதான் கேட்டாக. நான் என்னைக்குக் கேட்டேன்?" நினைச்சுப் பாத்தாரு. குடிச்ச ரசத்தையெல்லாம் ஒவ்வொண்ணா நினைச்சுப் பாத்தாரு. அவ சேலைன்னு ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. முப்பத்தஞ்சு வருசமா கையைப் பாத்துக் கணக்குப் போட்ட மனுசன், வீட்டுல இருந்த கையைப் பாக்கல.

"இன்னொரு தடவை எடுங்க தம்பி"ன்னா வேலம்மா. எல்லாரும் திரும்பப் போயி வெளிச்சத்துல நின்னாக. "சார், கொஞ்சம் உள்ள..."ன்னு ஜெரோம் ஆரம்பிக்கும் முன்னாடி வேலம்மா கை வந்து அவரு தோள்ல விழுந்துச்சு. விழுந்துச்சுன்னா சும்மா இல்ல, கூட்ட பஸ்ல கம்பியைப் பிடிச்ச மாதிரி பிடிச்சா. நாலு விரலும் சட்டைக்குள்ள அமுங்குச்சு. "இப்ப வெட்டச் சொல்லுங்க, பாப்போம்"னா பல்லைக் கடிச்சுக்கிட்டே, கேமராவைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே. அவருக்கு மேலெல்லாம் கூசுச்சு, கழுத்துக்குள்ள சிரிப்பு மாதிரி ஒண்ணு ஏறி வந்துச்சு, அந்த நேரம் பாத்து ஜெரோம் அமுக்கிட்டான். படம் கம்ப்யூட்டருக்கு வந்துச்சு, மறுபடியும் ரெண்டா. கரண்ட் கம்பம் நேரா நிக்குது. பல்லெல்லாம் தெரியுது, நீதிபதியைக் காணோம். சிகாமணி மூக்கு உரசுற மாதிரி கிட்டப் போயி முதல்ல கருப்பு வெள்ளையைப் பாத்தாரு. தோள்ல நாலு விரல். யாரு விரலாகவும் இருக்கலாம், இசக்கி அத்தையே வந்து உரிமை கொண்டாடலாம். கலரைப் பாத்தாரு. தோள்ல நாலு விரல், நாலு நுனியிலயும் அரக்குச் சிவப்பா தொப்பி. "கலரு"ன்னாரு. குரலு கடை மாடியில எதுக்க செக்‌ஷனுக்குக் கேக்குற மாதிரி வந்துச்சு. குழலி முகம் சுருங்குச்சு. "ஏன்ப்பா, இதுலயும் பிளாக் அண்ட் ஒயிட்தானே..." "விரல் யாருதுன்னு பின்னால சண்டை வரக் கூடாதுத்தா. மருதாணி தெரியணும்." ஆறிப்போன திதிச் சோறு தின்ன பிள்ளைதானே அவ, சட்டுன்னு பிடிபட்டுருச்சு. அப்புறம் அவளே ஜெரோம்கிட்ட, "ரெண்டு பிரிண்ட்டும் கலரே போட்டுருங்க"ன்னா. பிரசன்னா தலையைத் தூக்கி, "இதுவும் நல்லாத்தான் இருக்கு"ன்னான். ஜெரோம் படத்தைப் பெருசாக்கி இழுத்துக்கிட்டே வந்தவன் ஓரத்துல நிப்பாட்டுனான். "சார், இந்தக் காதுல மட்டும் கருப்பா என்னமோ இருக்கு. கிளீன் பண்ணிரட்டுமா, ஒரு செகண்டு வேலை." சிகாமணி ஆசையா வாயைத் திறந்தாரு. வேலம்மா முந்திக்கிட்டா. "இருக்கட்டும் தம்பி. விரலு என்னுதுன்னு தெரியுற மாதிரி காதும் இவருதுன்னு தெரியட்டும்."